எட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது

வாங்கிய விளையாட்டு திறக்கவில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரிதான் வந்தது: இந்தக் கணினியில் போதிய நினைவகம் இல்லை.

லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்கு அவமானமாக இருந்தது. அவர் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. 'தேவைகள்' என்று போட்டிருந்த பட்டியலை எடுத்து வைத்து, பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடித்த பிறகுதான் வாங்கினார். இருபத்தாறு வருடமாக லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்துப் படித்து ஊறிய மனுஷன். எட்டு பேர் என்று போட்டிருந்தால் எட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. விளையாட்டுக்கு ரேம், அதாவது நினைவகம், எட்டு ஜிபி என்று போட்டிருந்தது. அவர் கணினியில் நாலு. பாதிதான் இருக்கிறது, பயமில்லை என்று டிக் அடித்துவிட்டார்.

கணினிக் கடை மெக்கானிக் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. நல்ல மனிதர்.

"சார், அது அதிகபட்சம் இல்ல. குறைஞ்சபட்சம்."

"அதெப்படி? ஏழு பேர் ஏறினா லிஃப்ட் நகராதா?"

"இது லிஃப்ட் இல்ல சார்."

"எதுவா வேணா இருக்கட்டும். சனிக்கிழமைக்குள்ள ஓடணும்."

மனைவி பிரிந்து போய் இரண்டு வருடமாகிறது. பதினாலு வயது மகளும் அம்மாவோடு போய்விட்டாள். ஒவ்வொரு விடுமுறைக்கும் இவர் கூப்பிடுவார். ஒவ்வொரு விடுமுறைக்கும் அவளுக்கு இருமல் வரும், இல்லாவிட்டால் பரீட்சை வரும். இந்தத் தடவைதான் முதன்முறையாக ஒரு வழி சொன்னாள். "இந்த கேம் உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல ஓடுச்சுன்னா வரேம்ப்பா. பத்து நாள் இருக்கேன். ஓடலைன்னா விட்டுடுங்க, சரியா?" போனை வைத்துவிட்டு அவர் சமையலறையில் நின்று கொஞ்ச நேரம் அழுதார்.

ரேமை எட்டாக்கப் போனால், பழைய மதர்போர்டில் அதற்கு இடமில்லை. போர்டை மாற்றினார். இப்போது கிராஃபிக்ஸ் கார்டு போதாது என்று வந்தது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுவானேன் என்று அதையும் வாங்கி, மெக்கானிக் வரும்வரை பொறுக்காமல் தானே மாட்டினார். 'டப்' என்று ஒரு சத்தம். மாடி முழுக்க மின்சாரம் போனது.

எதிர் வீட்டு அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க. உங்களுக்கு எதுக்குங்க இவ்வளவு கரண்ட்?"



வெள்ளிக்கிழமை மெக்கானிக் வந்து பெட்டியைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பவர் சப்ளை வெடிச்சிருக்கு. போகும்போது ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிட்டுப் போயிருச்சு. உள்ள என்ன சார் இருந்துச்சு?"

"போட்டோ."

"யாரோடது?"

"பொண்ணோடது. பொறந்த நாள்லேர்ந்து."

"வேற எங்கயாவது காப்பி?"

இன்ஸ்பெக்டர் இல்லையென்று தலையை ஆட்டினார். ஊரில் இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் 'ஒரு கயிறு அறுந்தா இன்னொரு கயிறு எங்கே?' என்று கேட்டு எழுதி வைக்கிறவர். சொந்த மகளை ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்.

"அதை மீட்க முடியுமான்னு பார்க்கலாம் சார். ஆனா ஒரு மாசம் ஆகும். இதுக்கு நடுவுல கேமை..."

"போட்டோ கிடக்கட்டும்," என்றார். "ஆளே நாளைக்கு வரப்போறா. நீங்க கேமைப் பாருங்க."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, தகரப் பெட்டியைத் தவிர மற்ற எல்லாமே மாறிப்போன கணினியில் பனிமலை தெரிந்தது. ஓநாய்கள் ஊளையிட்டன. இன்ஸ்பெக்டர் மகளைப் போனில் கூப்பிட்டார்.

"ஓடுதும்மா."

"எது?"

"உன் கேம். இந்தா, கேளு." போனை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தார். ஓநாய்கள் தங்களால் ஆனதைச் செய்தன.

மறுமுனையில் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை.

"அந்தப் பழைய கம்ப்யூட்டர்லயாப்பா?"

"பெட்டி மட்டும்தான் பழசு. உள்ள எல்லாம் புதுசு. நீ சொன்னா அப்பா செய்யாம இருப்பேனா?"

"சரிப்பா," என்றாள் சின்னக் குரலில். "துணி எடுத்து வைக்கிறேன்."

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற மெக்கானிக்கைப் பார்த்தார். "சந்தோஷத்துல அவளுக்குப் பேச்சே வரல பாத்தீங்களா?"

மெக்கானிக் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டே நிமிர்ந்தவர், சுவரில் மாட்டியிருந்த மகளின் ஒரே படத்தைப் பார்த்து அப்படியே நின்றார்.

"இந்தப் பொண்ணா சார்? போன மாசம் நம்ம கடைக்கு வந்து, 'நாலு ஜிபி ரேம் இருக்கிற பழைய கம்ப்யூட்டர்ல எந்தக் காலத்துலயும் ஓடாத கேமா ஒண்ணு சொல்லுங்கண்ணா'ன்னு கேட்டுச்சு, நான்தான் இந்த கேமைச் சொன்னேன்."