கலியமூர்த்தியின் கணுக்கால்

பூட்ஸுக்குள் கால் நுழைய மறுத்தது. கலியமூர்த்தி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தார். போன மாதம்வரை சொன்ன பேச்சைக் கேட்ட பூட்ஸ்தான். இன்று கணுக்காலுக்கு மேலே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"ஸ்டோர்ல சொல்லி சைஸ் மாத்திக்குங்களேன்," என்றாள் சரசா சமையலறையிலிருந்து.

"அம்பத்தொம்போது வயசுல கால் வளர்ந்துடுச்சுன்னு சொல்லவா? ஊரே சிரிக்கும்டி."

ஊர் சிரித்துவிட்டுப் போகட்டும். தொழிற்சாலை டாக்டர் சிரிக்கமாட்டார் என்பதுதான் அவருடைய பயம்.

ஆவடியில் ராணுவ வண்டி செய்யும் தொழிற்சாலையில் கலியமூர்த்தி டெஸ்ட் டிரைவர். புது டாங்கி வெளியே வந்ததும் அதை மேட்டிலும் பள்ளத்திலும் சேற்றிலும் முதலில் உருட்டிப் பார்க்கிற ஆள். இந்த முறை புது ரக வண்டியை ராஜஸ்தான் பாலைவனத்துக்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள். ஓட்டுநர் என்ற இடத்தில் அவர் பெயர் வந்திருந்தது. அவர் ஓட்டாத வண்டி கிடையாது, ஆனால் எதையும் ஆவடியைத் தாண்டி ஓட்டியதும் கிடையாது. அடுத்த வருஷம் ரிட்டயர்மெண்ட். இதை விட்டால் மணலை டிவியில்தான் பார்க்க வேண்டும். குறுக்கே நின்றது வெள்ளிக்கிழமை மெடிக்கல் செக்கப் ஒன்றுதான்.

அவருக்கு பிரஷர் இருந்தது. முகப்பேரில் ஒரு டாக்டரிடம், தொழிற்சாலையில் யாருக்கும் தெரியாமல், மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்தார். அந்த டாக்டர் பொறுமைசாலி. காகிதத்தில் குழாய் வரைந்தே விளக்கியிருந்தார்.

"ரத்தக் குழாய்ச் சுவர்ல தசை இருக்கு. அந்தத் தசைக்குள்ள கால்சியம் நுழையறதுக்குக் குட்டிக் குட்டி வாசல் இருக்கு. கால்சியம் உள்ள போனா தசை இறுகும், குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். இந்த மாத்திரை வாசலைச் சாத்திடும். குழாய் தளர்ந்து வழி விடும்."

ஆயில் லைன்களோடு காலம் தள்ளிய மனிதருக்கு இது கற்பூரமாகப் பற்றிக்கொண்டது. மாத்திரையும் ஒழுங்காக வேலை செய்தது. பிரஷர் இறங்கியது. கூடவே கணுக்காலில் நீர் கோத்துக்கொண்டது. சிலருக்கு அப்படி ஆகும், ஆனால் என்னைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். பாதி அறிவுரையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வது நம் ஆட்களின் வழக்கம்.

கலியமூர்த்தி இந்த ரகசியத்தைச் சொன்ன ஒரே ஆள் நாகேந்திரன். அதே செக்‌ஷன், அடுத்த குவார்ட்டர்ஸ், பாலைவனப் பட்டியலில் மாற்று ஓட்டுநர். கேண்டீனில் மூலை பெஞ்சுக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போய் நாகேந்திரன் குரலைத் தாழ்த்தினான்.

"மாமே, மெடிக்கல்ல அந்த ரேணுகா டாக்டரம்மா இன்னா பாக்கும் தெரியுமா? பூட்ஸக் கழட்டச் சொல்லி, காலத்தான் பாக்கும். கட்டை விரலால ஒரு அமுக்கு. குழி உழுந்துச்சுன்னு வையி, நீ பிரஷர் மாத்திரை கேஸு. அப்புறம் ஸ்டோர்ல உக்காந்து போல்ட் எண்ண வேண்டியதுதான்."

கலியமூர்த்தி டீயைக் கீழே வைத்தார். "இப்ப இன்னாடா பண்றது?"

"மாத்திரைய நிறுத்து. வெள்ளிக்கிழம வரைக்கும்தான?"

"பிரஷர் ஏறிட்டா?"

"அஞ்சாறு நாள்ல இன்னா ஏறிடப் போவுது? இத பாரு, நீ போவலன்னா என்னப் புடிச்சு அந்த வெயில்ல தள்ளிடுவாங்க. என் பொண்டாட்டி ஊட்டையே ரெண்டாக்கிடுவா. எனக்காகவாவது நீ பாஸாவணும் மாமே."

இப்படி ஒரு நண்பன் யாருக்குக் கிடைப்பான்! அன்றைக்கே மாத்திரை அட்டை பீரோவுக்குள் போனது.

இரண்டு நாள் கழித்தும் வீக்கம் அசையவில்லை. ராத்திரி காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்துப் பார்த்தார். தூக்கம் போனதுதான் மிச்சம். அப்படித் தலைகீழாகக் கிடந்தபோதுதான் அவருக்குள் இருந்த மெக்கானிக் விழித்துக்கொண்டான். உடம்பில் மிச்சமிருக்கிற மாத்திரை இன்னும் கால்சியத்துக்கு வாசலைச் சாத்தி வைத்திருக்கிறது. அப்படியானால் கால்சியத்தைக் கூட்டமாக அனுப்பினால் வாசலை முட்டித் திறந்துவிடாதா? மாத்திரை தோற்கும், கால் பழையபடி ஆகும். கணக்கு சரியாகத்தான் வந்தது அவருக்கு.

மறுநாள் சரசா டப்பாவைக் குலுக்கிக்கொண்டு வந்தாள்.

"எலும்புக்கு டாக்டர் குடுத்த என் கால்சியம் மாத்திரை பாதி காணோம். எடுத்தீங்களா?"

"எனக்கும் எலும்பு இருக்குல்ல?"

"மூஞ்சி ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?"

"வெயிலு."

"சாயங்காலம் ஏழு மணிக்கா?"

கேழ்வரகுக் கூழ், இரண்டு வேளை பால், எள்ளுருண்டை என்று கால்சியப் படையெடுப்பு தொடர்ந்தது. விஷயம் கேள்விப்பட்ட நாகேந்திரன் எவர்சில்வர் டப்பாவில் நெத்திலிக் கருவாட்டை வறுத்தே கொண்டுவந்துவிட்டான்.

"முள்ளோட மென்னு தின்னு மாமே. கால்சியமே முள்ளுலதான் கீது."

உப்பு நாக்கைப் பிடுங்கியது. இருந்தாலும் சிநேகிதன் கொண்டுவந்தது. கலியமூர்த்தி டப்பாவை வழித்துவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் அதிசயம் நடந்தது. பூட்ஸ் வழுக்கிக்கொண்டு ஏறியது. கணுக்கால் எலும்பு துருத்திக்கொண்டு வெளியே தெரிந்தது. மாத்திரை வயிற்றுக்குப் போகாததால் வடிந்த நீர் அது. ஆனால் கலியமூர்த்தி அந்தப் பெருமையைக் கால்சியத்துக்குக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் ஸ்கூட்டரில் கோவில்பதாகை பஸ் ஸ்டாப் அருகே வரும்போது பின்மண்டையில் ஆணி அடித்தது போல் வலித்தது. எதிரே வந்த பஸ் இரண்டு பஸ்ஸாகத் தெரிந்தது. எந்தப் பஸ்ஸுக்கு ஒதுங்குவது என்று புரியாமல் ஸ்கூட்டரை ஒரு டீக்கடைச் சுவரில் சாத்திவிட்டு, ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே நின்றார். நெஞ்சு காதுக்குள் அடித்தது. செத்துப்போய்விடுவோமோ என்று நிஜமாகவே பயந்தார். முகப்பேர் பக்கம் வண்டியைத் திருப்பலாமா என்றுகூட யோசித்தார். நாளைக்கு ஒரு நாள்தானே, அப்புறம் போய்க்கொள்ளலாம் என்று வீட்டுக்கே திருப்பினார். பாலைவனம் அப்படிப் பிடித்து இழுத்தது மனிதரை.

வெள்ளிக்கிழமை. மெடிக்கல் அறையில் டாக்டர் ரேணுகா நிமிராமலே சொன்னார். "பூட்ஸைக் கழட்டுங்க."

நாகேந்திரன் சொன்னது அச்சு அசல்! கலியமூர்த்தி காலை நீட்டினார். டாக்டர் கட்டை விரலால் அமுக்கினார். குழி விழவில்லை.

"வீக்கமே இல்லையே?"

"துளிகூட இல்லீங்க மேடம்!"

"பிரஷருக்கு மாத்திரை ஏதாவது எடுக்கறீங்களா?"

"கனவுலகூட இல்லீங்க."

டாக்டர் அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றி, காற்றை அடித்து, மெல்ல இறக்கினார். முகம் மாறியது. அந்தக் கையை விட்டு இந்தக் கையில் சுற்றினார். பிறகு பக்கத்து அறையிலிருந்து வேறு மெஷின் வந்தது. மூன்று தடவையும் இருநூறைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"கலியமூர்த்தி, உண்மையைச் சொல்லுங்க."

அதற்கு மேல் தாங்கவில்லை. மாத்திரை, வாசல், கால்சியம், கருவாடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நண்பன் பெயரை மட்டும் விழுங்கிக்கொண்டார்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தின்ன கால்சியம் போய் அந்த வாசலை முட்டாதுய்யா! அதுக்கு வேண்டிய கால்சியம் உங்க ரத்தத்துலயே எப்பவும் இருக்கு. சாத்தி வச்சிருந்தது மாத்திரை. அதை நிறுத்தினதும் வாசல் திறந்துடுச்சு, குழாய் எல்லாம் இறுகிடுச்சு. அதுக்கு மேல கருவாட்டு உப்பு வேற. ரோட்டுல விழாம வந்து சேர்ந்தீங்களே, அதுவே பெரிசு. இப்பவே மருந்து தரேன், சாயங்காலம் வரைக்கும் இங்கேயே படுங்க. ஒரு மாசத்துக்கு எந்த வண்டியையும் தொடக் கூடாது."

"ராஜஸ்தான்..."

"மாற்று ஓட்டுநர் போவார்."

வெளி அறைக் கட்டிலில் கலியமூர்த்தி சுவரைப் பார்த்துப் படுத்தார். அறுபதை நெருங்கும் மனிதர் அழுவது நன்றாக இருக்காது என்று கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார். பல வருஷமாக மெடிக்கல் அறை வாசலில் நின்று பெயர் கூப்பிடும் உதவியாளர் பூபாலன் தண்ணீரோடு வந்தான்.

"இன்னா சார், யாரு சார் உங்கள மாத்திரைய நிறுத்தச் சொன்னது?"

"நாகேந்திரன்தான். அவன்மேல தப்பில்ல பூபாலா, அக்கறையில சொன்னான். கால் வீங்கியிருந்தா மேடம் அன்ஃபிட் பண்ணிடுவாங்கன்னு பயந்துட்டான். இந்தப் பிரஷரு, மாத்திரையெல்லாம் பாவம் அவனுக்கு இன்னா தெரியும்?"

பூபாலன் நீட்டிய டம்ளரைக் கட்டில் ஓரத்தில் வைத்தான்.

"நாகேந்திரன் சாரா? அவரு வருசா வருசம் வீங்குன கால நீட்டி, 'பாருங்க மேடம், ஒரு நாள் தவறாம பிரஷர் மாத்திர போட்டுகினு கீறேன்'னு காட்டித்தான சார் ஃபிட் வாங்கினு போறாரு!"