மசாஜ் நாற்காலியும் லேமினேட் செய்த தீர்ப்பும்

கேஸில் ஜெயித்த அன்றே முடிவு செய்துவிட்டேன், இனி இந்த ஓஸ்வால்ட் எவனுக்கும் பயப்பட மாட்டான் என்று. மசாஜ் நாற்காலிக்கு வாங்கிய கடனுக்காக ஃபைனான்ஸ் கம்பெனி என்மேல் கேஸ் போட்டிருந்தது. மூன்று வாய்தாவாக அவர்கள் வக்கீல் தலைகாட்டவே இல்லை. என் முறைப்பைப் பார்த்துத் தொடை நடுங்கிவிட்டான் என்றே நம்பினேன். ஜட்ஜ் தள்ளுபடி என்றார். தீர்ப்பை லேமினேட் செய்து, எங்கள் ஆஸ்டின் டவுன் வீட்டு ஹாலில் திருஇருதயப் படத்துக்குக் கீழே மாட்டினேன்.

"கேஸுதானே தள்ளுபடி? கடன்?" என்றாள் என் மனைவி குளோரியா.

சட்டமெல்லாம் உனக்குப் புரியாது, போய் தோசையைத் திருப்பு என்றேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தால், என் நாற்காலியில் ரெமிஜியஸ். அந்தக் கம்பெனிக்கு வசூலுக்கு வந்துகொண்டிருந்தவன். கேஸ் நடக்கும்போதுகூட வாசலைத் தாண்டாத ஆள், இப்போது முதுகை மசாஜுக்குக் கொடுத்துவிட்டு குளோரியாவின் காபியைக் குடித்துக்கொண்டிருந்தான்.

தீர்ப்பைக் கழற்றி நீட்டினேன். பொறுமையாகப் படித்துவிட்டு, லேமினேஷன் நல்லா வந்திருக்கு சார் என்றான். போலீஸுக்குப் போவேன் என்றேன். போய்ட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன் என்றான். கடைசியில், கையில் காசு இல்லப்பா என்று இறங்கி வந்தேன்.

"பீரோவுக்கு அடியில, ஷூ டப்பாவுல எட்டாயிரம் இருக்கே சார்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மீன் தொட்டி வாங்க ஓவர்டைம் காசில் ரகசியமாகச் சேர்த்தது. ஆண்டவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். குளோரியாவைப் பார்த்தேன். காலி டம்ளரை எடுக்கக் குனிந்தாள். கழுத்தில் அவள் அம்மா போட்ட செயினைக் காணோம்.

"செயின் எங்க குளோரி?"

"அடகுல. அதை வச்சுதான் அஞ்சு மாசம் முன்னாடியே கம்பெனிக்கு மொத்தமா கட்டினேன். காசு கைக்கு வந்தப்புறம் அவங்க வக்கீல் எதுக்குங்க கோர்ட்டுக்கு வருவாரு?"

"அப்ப இவன்?"

"இவரு இப்ப என்கிட்ட வேலை பாக்கறாரு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஐந்து மாதமாக வெறும் கழுத்தோடு கோயிலுக்குப் போய் வந்திருக்கிறாள், நான் கவனிக்கவே இல்லை. நானே போய் டப்பாவை எடுத்து வந்து கொடுத்தேன்.

ரெமிஜியஸ் இரண்டு தடவை எண்ணினான். எண்ணூறு ரூபாயைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மீதியைக் குளோரியாவிடம் கொடுத்தான். அது எதுக்கு என்றேன். பத்து பர்சென்ட் கமிஷனாம்.

அதையும் என் கடனில்தான் சேர்த்து எழுதினாள்.