வலப்பக்கம் திறந்த ருஷ்யப் பத்திரிகைகள்

சாய்ந்தமருது,
14.03.1983, திங்கள்.

பனிக்குள் இருந்து படிக்கும் மருமகன் மஜீடுக்கு, வெயிலுக்குள் இருந்து விழிக்கும் மாமா கச்சிமுகம்மது ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லாரும் சுகம். உன் உம்மாவுக்குக் கால்நோவு குறைந்துவிட்டது. மாமி றாஹிலாவும் சுகம், என்னோடு கதைப்பதில்லை என்பதைத் தவிர. அதற்குக் காரணம் நீ மொஸ்கோவில் படிப்பதுதான். கோபிக்காமல் முழுக்க வாசி.

போன வருடம் கொழும்பில் ஒரு பெரியவர் மௌத்தாகி, அவர் வீட்டில் கிடந்த ஏழு பெட்டி ருஷ்யப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும், அந்த நாட்டில் மன்னர் இருந்த காலத்துச் சாமான்கள், எப்படியோ லொறி ஏறி எங்கள் வாசிகசாலைக்கு வந்து சேர்ந்தன. "இதெல்லாம் ஆருக்கு விளங்கப்போகுது? பழைய கடதாசிக்குப் போடுவம்" என்றார் வாசிகசாலைச் சங்கத் தலைவர் மீராமுகைதீன் ஹாஜியார். நான் சும்மா இருந்திருக்கலாம். பதினொரு வருடமாகத் தற்காலிக நூலகராகவே இருக்கிறவனுக்குச் சும்மா இருக்கப் பழக்கமில்லையா? வாய் கேட்டால்தானே! "போடாதீங்க ஹாஜியார், என்ட மருமகன் மொஸ்கோவுல இருந்து கடிதத்துல சொல்லித் தாறான், எனக்கு ருஷ்யன் ஒள்ளுப்பம் கொஞ்சம் தெரியும்" என்று கூட்டத்தில் எழும்பிச் சொல்லிவிட்டேன். "அப்ப நீங்களே அட்டவணை போடுங்க கச்சி, நல்லா வந்தா உங்கட வேலய நிரந்தரமாக்குவம்" என்றார் அவர். நீ எழுதிய கடிதமெல்லாம் குளிரும் முட்டைக்கோவாச் சூப்பும்தான் என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

வருடத்துக்கு ஒன்றாகக் கட்டியிருந்ததில் முதல் தொகுதியைத் திறந்தேன். இங்கிலீசு எழுத்துப் போலவே இருக்கிறது, ஆனால் சில எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நிற்கிறது. சரி, இது நம்மட அறபுக் கிதாபு மாதிரி வலப்பக்கமிருந்து வாசிக்கிற பாஷை என்று அந்த நிமிடமே முடிவு கட்டினேன். பள்ளிக்கூடத்துக்கு முதல் ஓதப்பள்ளிக்குப் போனவனின் புத்தி வேறெங்கே போகும்? வலப்பக்கம் திறந்து, முத்திரை குத்தி, பக்க இலக்கம் போட்டு, நாற்பத்திரண்டு தொகுதியையும் எட்டு மாதத்தில் முடித்தேன். ஒவ்வொரு தொகுதியிலும் ஐம்பத்திரண்டாம் இதழ் முதலில் வந்தது, முதலாம் இதழ் கடைசியில் வந்தது. சந்தேகம் வரவில்லையா என்று கேட்பாய். வந்தது. ஹாஜியாருக்கும் வந்தது. "அந்த நாட்டுல புதுசுக்குத்தான் மரியாதை, அதான் முன்னுக்கு வைக்கிற" என்றேன். "படிச்ச சனம்" என்று தலையாட்டினார். எனக்கே அந்த விளக்கம் பிடித்துப்போய் அட்டவணைக்கு முன்னுரையாகவும் எழுதிவைத்தேன். படத்தைப் பார்த்துப் பொருளும் பிரித்தேன். மாடு இருந்தால் விவசாயம், தாடி இருந்தால் வைத்தியம்.

போன கிழமை உன் கடிதம் வந்தது. "ருஷ்யனும் தமிழ் மாதிரி இடப்பக்கமிருந்துதான் மாமா வாசிக்கிற" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அடேய், இதை எட்டு மாதத்துக்கு முதல் எழுதினால் உன்ட கை முறிஞ்சிருக்குமா? மறுகா அடுத்த நாளே கொழும்பிலிருந்து தந்தி. என்ட அட்டவணை யார் கையிலோ போய்ச் சேர்ந்து, ருஷ்யாவிலிருந்து வந்திருக்கிற ஒரு பேராசிரியை மேடம் வியாழக்கிழமை நேரில் பார்க்க வாறாவாம். மாமியிடம் சொன்னேன். "ஊரெல்லாம் சிரிக்கப்போகுது. உள்ளத உள்ளபடி சொல்லுங்க, போற வேல போகட்டும்" என்றாள். அன்றைக்கு வாயை மூடினவள்தான். அவள் சொன்னதுதான் சரி. வியாழன் மேடத்துக்கு முன்னால் சபையில் எழும்பி உண்மையைச் சொல்லிவிடுவேன். வேலை போகும். ஐம்பத்தாறு வயதில் வலை இழுக்க இடுப்பில்லை, வயல் செய்யக் காணியில்லை. பயமாக இருக்கிறது மகன்.

உன் படிப்பில் பரக்கத் பெருகவும், உன் மூக்கு உறையாதிருக்கவும் துஆச் செய்கிற, இனி ஒரு பொய்யும் சொல்லாத,
மாமா கச்சிமுகம்மது.

பி.கு: வியாழன் பின்னேரம். முத்திரை வாங்க மறந்து கடிதம் இன்னும் சட்டைப் பைக்குள்தான். மேடம் வந்தார், எல்லாத் தொகுதியையும் புரட்டினார், ஒன்றும் பேசவில்லை, வருகைப் புத்தகத்தில் ஒரு பக்கம் ருஷ்யனில் எழுதினார். உண்மையைச் சொல்ல எழும்பினேன். ஹாஜியார் அந்தப் புத்தகத்தை என் கையில் தந்து, "சபைக்குத் தமிழ்ல வாசிச்சுக் காட்டுங்க கச்சி" என்றார். நாற்பது பேர் பார்க்கிறார்கள். வாசித்தேன் மகன். கால் மணித்தியாலம் வாசித்தேன். இப்படியொரு நூலகரைத் தன் நாட்டிலும் கண்டதில்லையென்றும், இவருக்குத் தாமதமின்றி நிரந்தர நியமனம் கொடுக்கவேண்டுமென்றும் வாசித்து முடித்தேன். மேடம் எழும்பினார். பிசிறில்லாத தமிழில், "நூலகர் ஐயா சரியாகத்தான் வாசித்தார். அந்தக் கடைசி வரியை மட்டும் எழுத மறந்துவிட்டேன்" என்று சொல்லி, பேனையை வாங்கி எழுதினார். நியமனம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து நான் ருஷ்ய வகுப்பு எடுக்கவேண்டும், முப்பத்தொரு பேர் பெயர் பதிந்திருக்கிறார்கள். அரிச்சுவடி ஒன்று உடனே விமானத் தபாலில் அனுப்பு.