நாலு பாயின்ட் முகம்

வைகாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணி சுமாருக்கு, வேலம்பாளையம் சாமியப்பன் பனியன் கம்பெனியின் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. ‘பெண்கள் கக்கூஸ் தாழ்ப்பாள் விரைவில் சரிசெய்யப்படும்’ என்று போன வருஷம் ஒட்டினது அங்கேயே இருந்தது. புதுசை அதன் மேலேயே ஒட்டிவிட்டதால் தாழ்ப்பாள் விவகாரம் அத்தோடு தீர்ந்தது.

புதுச் சுற்றறிக்கை இப்படிச் சொன்னது: ‘நம் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் மேடம் அவர்கள் ஆவணி மாதம் நேரில் வருகை தர இருப்பதாலும், சென்ற முறை அனுப்பிய போட்டோக்களில் நம் தொழிலாளர் முகங்கள் களையிழந்தும் திட்டுத்திட்டாகவும் காணப்பட்டதாலும், இன்று முதல் முகப்பொலிவுக் கமிட்டி அமைக்கப்படுகிறது. கம்பெனி யாருடைய நிறத்தையும் பார்ப்பதில்லை. நிறம் சீராக இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும்.’

கீழே எச்.ஆர். மேனேஜர் குகன் கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாசம் ஆன, நெறையப் படித்த தம்பி.

மைதிலி அதை ரெண்டு தடவை படித்துவிட்டுக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ரெண்டாவது பிள்ளை பிறந்த வருஷம் ரெண்டு கன்னத்திலும் பழுப்புத் திட்டாக மங்கு விழுந்தது. இத்தனை காலமும் அதுபாட்டுக்கு அது இருந்தது, இவள்பாட்டுக்கு இவள் இருந்தாள். இன்றைக்குத்தான் அது ஆபீஸ் விவகாரம் ஆனது.

மைதிலிக்கு அந்தக் கம்பெனியில் பத்தொன்பது வருஷ வேலை, ஷேடு பார்ப்பது. பனியனுக்கு உடம்புத் துணி ஒரு நாள் வரும், கைத் துணி இன்னொரு நாள் வரும். ரெண்டும் ஒரே நீலம் என்று சாயப்பட்டறைக்காரன் பில்லில் எழுதியிருப்பான். பில்லை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நீலத்தைப் படிக்க மைதிலி வேண்டும். கண்ணாடி ரூமுக்குள் லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி. அதில் வெயில் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம் எல்லாம் தனித்தனியாக எரியும். துணியை உள்ளே வைத்து ஒரு பார்வை பார்த்து, “இது செகப்படிக்குது, திருப்பி அனுப்புங்க” என்றால் லாரி திரும்பியே ஆகவேண்டும். முதலாளியே வந்து நின்றாலும் சரிதான்.

அந்தக் கண்ணாடி ரூம் பையர் வருகிற வழியில் இருந்தது. அங்கேதான் வினை.

முகப் பரிசோதனை மறுநாளே ஆரம்பித்தது. முகத்தை எப்படிப் பரிசோதிப்பது என்று குகன் ராத்திரியெல்லாம் யோசித்தாராம். கம்பெனியில் பரிசோதனை என்றால் தெரிந்தது ஒன்றுதான்: துணிக்கு உள்ள நாலு பாயின்ட் முறை. குறை மூணு இஞ்சுக்குள் இருந்தால் ஒரு பாயின்ட், பெரிசானால் ரெண்டு, மூணு, நாலு. நூறு சதுர கெஜத்துக்கு நாற்பது பாயின்டுக்கு மேல் போனால் துணி ரிஜக்ட். அதே விகிதத்தில் முகத்துக்குக் கணக்குப் போட்டால் ஆளுக்குக் கால் பாயின்ட்கூடத் தேறவில்லை. மூக்கு இருந்தாலே ரிஜக்ட் ஆகிற நிலைமை. ஆகவே கமிட்டி பெரிய மனசு பண்ணி, மூணு பாயின்ட் வரை மன்னிக்கலாம் என்று தீர்மானம் போட்டது.

லைட் பாக்ஸை நாலு பேர் தூக்கிக்கொண்டுபோய் எச்.ஆர். ரூமில் வைத்தார்கள். துணி செக்கிங்கில் கைதேர்ந்த தெய்வாத்தாளை அதன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

“தலைய உள்ள உடு மைதிலி.”

“ஏனுங்க்கா, நாம பதினெட்டு வருசமா ஒண்ணாச் சோறு திங்கறோம். எம்பட மூஞ்சி உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“தெரியுங் கண்ணு. ஆனா இப்ப நான் டூட்டில இருக்கறேன்.” தெய்வாத்தாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். “எடது கன்னம் ஒண்ணு, வலது கன்னம் ஒண்ணு, நெத்தி ஒண்ணு, மேலொதடு ஒண்ணு. நாலு. ரிஜக்ட் இல்ல, ஆல்டர்தான். சரிபண்ணீரலாம்.”

சொன்னவள், முப்பது வருஷப் பழக்கத்தில், சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரைக் கிழித்து மைதிலியின் கன்னத்தில் மங்குக்கு நேராக ஒட்டினாள். மைதிலி அதை உரித்தெடுத்து அவள் நெற்றியிலேயே ஒட்டிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் குகன் கூப்பிட்டனுப்பினார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஆவணிக்குள்ள உங்க முகம் பாஸ் ஆயிருச்சுன்னா ஷேடு ரூம் உங்களுக்குத்தான். அதுவரைக்கும் பேக்கிங்ல இருங்க.”

“அப்ப ஷேடு யாருங்க சார் பாக்கறது?”

“கிருத்திகா பாப்பாங்க. அவங்க ஜீரோ பாயின்ட்.”

கிருத்திகா பையருக்கு மெயில் அனுப்புகிற பிள்ளை. நல்ல பிள்ளை, மினுமினு என்று இருப்பாள். கருநீலத்துக்கும் கருப்புக்கும் வித்தியாசம் கேட்டால் போனில் தேடிப் பார்த்துச் சொல்வாள்.

“சார், ஷேடு பாக்கறது கண்ணுங்க. கன்னமில்லீங்க.”

“புரியுதுக்கா. ஆனா கண்ணாடி ரூம்ல வெளிய இருந்து பாத்தாக் கன்னந்தானே தெரியுது?”

மைதிலி பேக்கிங்குக்குப் போனாள். அதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் மருந்து வந்து இறங்கியது. கிருத்திகா ஒரு பட்டியல் கொடுத்தாள், கமிட்டி மொத்தமாக வாங்கியது. எது வேலை செய்கிறது என்று தெரியவேண்டும் என்பதற்காக லைனுக்கு ஒன்று. முதல் லைன் டெய்லர்களுக்கு வைட்டமின் சி, ரெண்டாவது லைனுக்கு நியாசினமைடு, மூணாவதுக்கு கிளைகோலிக் ஆசிட், நாலாவது லைன் அவசர ஆர்டர் லைன் என்பதால் அவர்களுக்கு மூணும் சேர்த்து. பேக்கிங்குக்கு எது என்று முடிவாகாததால் மூணு பாட்டிலையும் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மைதிலி மத்தியானச் சாப்பாட்டில் பாட்டில்களை வரிசையாக வைத்து, கிருத்திகாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

“கண்ணு, இதுல என்ன எழுதியிருக்குதுன்னு மேல இருந்து படி.”

“அக்வாங்க்கா. அப்படின்னா தண்ணி.”

“மொதல்ல எழுதியிருக்கறதுதானே அதிகமா இருக்கும்? நம்ம சாயச் சீட்டு மாதிரி?”

“ஆமாங்க்கா. எறங்கு வரிசை.”

“அப்ப முக்கால்வாசி தண்ணிக்குத்தான் இந்த வெலையா. சரி, இந்த ஆசிட்டு என்ன பண்ணும்?”

“மேல இருக்கற செத்த தோலைக் கழட்டி எடுக்கும்.”

“நம்ம பயோவாஷ் மாதிரி. துணி மேல நிக்கற பிசிற எடுத்தாப் பளபளன்னு ஆகும். ரெண்டு தடவ போட்டா ஓட்டை உழுகும். இது?” நியாசினமைடைத் தூக்கினாள்.

“தோலுக்குள்ள உண்டாகற சாயம் மேல ஏறாமத் தடுக்கும்.”

“அது நல்லதாட்டத்தான் இருக்குது. இந்த வைட்டமினு?” பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். “ஏங் கண்ணு, இது தண்ணியாட்டந்தானே இருக்கோணும்? டீ டிகாஷன் கலருக்கு வந்திருக்குது. எங்க வெச்சிருந்தாங்க?”

“பாய்லர் ரூம்லங்க்கா. ஸ்டோர்ல எடமில்லன்னு.”

“கெட்டுப்போச்சு.” ஷேடு கார்டைப் பார்த்துச் சொல்கிற அதே குரல். “சரி, எம்பட மங்குக்கு இதுல எது?”

கிருத்திகா நிஜமாகவே யோசித்தாள். “மங்குன்னா மொதல்ல சன்ஸ்கிரீன்ங்க்கா. வெயில் பட்டுட்டே இருந்தா எதப் போட்டும் வீண்.”

“அது பட்டியல்ல இல்லியே?”

“கமிட்டி அடிச்சுட்டாங்க. ஃபேக்டரிக்குள்ள வெயில் இல்லைன்னு.”

மைதிலி மூணு பாட்டிலையும் ஓரங்கட்டிவிட்டு, சனிக்கிழமை தோல் டாக்டரம்மாவிடம் போய் டோக்கன் போட்டுக் காத்திருந்து கேட்டாள். அந்தம்மா சொன்னது ரொம்பச் சாதாரணம்: அஸெலாயிக் ஆசிட் என்று ஒரு களிம்பு, தினம் சன்ஸ்கிரீன், வெளியே போனால் முக்காடு, மூணு மாசப் பொறுமை. கடையில் மூடி போட்ட டப்பாவில் வருகிற சிவப்பழகு கிரீமைத் தொடவே கூடாது. மைதிலி களிம்பை முதலில் காதுக்குப் பின்னால் தடவி நாலு நாள் பார்த்தாள். பட்டறையில் ஒரு துண்டில் சாயம் போட்டுப் பார்க்காமல் லாட் துணி மொத்தத்தையும் முக்குகிறவன் உண்டா?

கமிட்டி உண்டு. நாலே வாரத்தில் முதல் லைன் டெய்லர்களின் முகம் மஞ்சள் பாய்ந்து நின்றது. ரெண்டாவது லைன் சுமாராக இருந்தது. மூணாவது லைன் பளபளத்து, பஸ் ஸ்டாப் வெயிலில் நின்று பழையபடி இன்னும் கொஞ்சம் கறுத்தது. நாலாவது லைன் தோல் உரிந்து, சிரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது.

திருப்பூரில் எந்தப் பாவத்தையும் மன்னிப்பார்கள், லாட்டுக்கு லாட் ஷேடு மாறுகிற பாவத்தை மன்னிக்க மாட்டார்கள். முதலாளி சாமியப்பன் கேன்டீன் வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வேர்த்துப்போனார்.

“ஏந் தம்பி, நாலு லைனு நாலு கலர்ல இருக்குது?”

“ஒரே ஷேடு ஆளுகளை ஒண்ணா உக்கார வெச்சுட்டா வித்தியாசம் தெரியாதுங்க சார். துணிக்கு அப்படித்தானுங்க பண்றோம்.”

மறுநாள் முதல் முகத்துக்கு லாட் நம்பர் போட்டாகிவிட்டது. புருஷன் ஏ லாட், பெண்டாட்டி சி லாட் என்று வந்த குடும்பங்கள் தனித்தனி மேஜையில் சாப்பிட்டன. இதனால் ரெண்டு மூணு வீட்டில் சண்டை குறைந்ததாகவும் சொல்கிறார்கள்.

இந்த மும்முரத்தில் எல்லோரும் ஒன்றை மறந்துபோனார்கள். லைட் பாக்ஸ் எச்.ஆர். ரூமில் முகம் பார்த்துக்கொண்டிருந்தது. கிருத்திகா பாவம், டியூப்லைட் வெளிச்சத்தில் துணியைப் பிடித்துப் பார்த்து ஓகே போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆடிக் கடைசியில் பையரின் நீல பனியன் பேக்கிங்குக்கு வந்தது. மைதிலி ஒன்றை மடிக்க எடுத்தாள், கை நின்றுபோனது. உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம். அடுத்ததை எடுத்தாள். அதில் உடம்பே மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி. எடுத்துக்கொண்டு ஓடினாள்.

“சார், இருபதாயிரம் பீசும் திட்டுத்திட்டா இருக்குதுங்க. இது போனா ஆர்டர் போச்சு, கம்பெனி போச்சு. லைட் பாக்ஸக் கொஞ்சம் குடுங்க, காட்டறேன்.”

குகன் நிமிரவில்லை. “லைட் பாக்ஸ் இப்ப முகப் பிரிவுக்குச் சொந்தம்க்கா. துணி பாக்கணும்னா கமிட்டி தீர்மானம் போடணும். கமிட்டி வெள்ளிக்கிழமைதான் கூடும்.”

“பையரம்மா வியாழக்கிழம வராங்களே சார்!”

“அதனாலதான் வெள்ளிக்கிழமை வெச்சிருக்கோம். வியாழன் எல்லாரும் பிஸி.”

வியாழக்கிழமை பையரம்மா வந்தார். வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற தெய்வாத்தாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். அந்தம்மாவின் முகத்தில், மூக்கில், கழுத்தில், கையில், அரிசியில் எள்ளை இறைத்த மாதிரிப் புள்ளி. தெய்வாத்தாள் தட்டைச் சுற்றிக்கொண்டே தன்னை மறந்து எண்ண ஆரம்பித்தாள்.

“நாப்பத்தஞ்சு... அம்பது... அடி ஆத்தா, மைதிலி, இது முழு ரோலே ரிஜக்ட்டு!”

“வாய மூடுங்க்கா. சம்பளம் அங்கிருந்துதான் வருது.”

பையரம்மா நாலு லைன் முகங்களையும் தாண்டி நேராகப் பேக்கிங்குக்குப் போனார். ஒரு முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறக்கச் சொன்னார். பனியனை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தார். சாமியப்பன் கைக்குட்டையை எடுத்தார். மைதிலி கண்ணை மூடிக்கொண்டாள்.

பையரம்மா இங்கிலீசில் ஏதோ சொன்னார். மைதிலி கண்ணைத் திறக்காமலே கிருத்திகாவைக் கேட்டாள்.

“என்ன கண்ணு சொல்றாங்க?”

“ரொம்ப அழகுன்னு சொல்றாங்க்கா. இந்தச் சீரில்லாமை இயற்கையா இருக்குதாம். அவங்க ஊர்ல இதான் இப்ப ஃபேஷனாம். இந்த யோசனை யாரோடதுன்னு கேக்கறாங்க.”

“கமிட்டியுடையது, மேடம்” என்றார் குகன்.

ஆர்டர் மூணு மடங்காயிற்று. ஒரே ஒரு நிபந்தனை: அறுபதாயிரம் பீசும் இதே மாதிரி, இம்மி பிசகாமல், இதே அளவுக்குத் திட்டாக இருக்கவேண்டும். சீராக இருக்கிறதைச் சீராக இருக்கிறதோடு யாரும் ஒப்பிடலாம். திட்டைத் திட்டோடு ஒப்பிட ஊரில் ஒரு கண்தான் உண்டு. சாமியப்பனே பேக்கிங் மேஜைக்கு வந்து, “அம்மணி, கண்ணாடி ரூமுக்கு வா சாமி” என்று கூப்பிட்டார்.

மறுநாள் லைட் பாக்ஸ் திரும்பி வந்தது. மைதிலி நாற்காலியைத் துடைத்து உட்காரப் போனபோது குகன் குறுக்கே வந்தார். கையில் புதுச் சுற்றறிக்கை. ‘சீரற்ற இயற்கைத் தோற்றமே இனிக் கம்பெனியின் அடையாளம் என்பதால், பையர் பார்வையில் படும் முகங்கள் அதற்கு இசைவாக இருத்தல் வேண்டும். கம்பெனி யாருடைய நிறத்தையும் பார்ப்பதில்லை.’

“இப்ப எனக்கென்னங்க சார்?”

“அக்கா... உங்க முகம் பாத்தீங்களா?”

மூணு மாசமாக வேலைக்கும் வீட்டுக்கும் ஓடினதில் அவள் நின்று பார்க்கவே இல்லை. லைட் பாக்ஸுக்குள் கண்ணாடியை வைத்து, வெயில் வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்தாள். மங்கு இருந்த இடம் தெரியவில்லை. ரெண்டு கன்னமும் ஒரே லாட்.

“ஜீரோ பாயின்ட்” என்றாள் தெய்வாத்தாள் துக்கத்தோடு. “ரிஜக்ட்.”

கிருத்திகாதான் பையிலிருந்து புருவப் பென்சிலை எடுத்தாள். அவள் மூக்கில் அன்று காலையே பையரம்மா மாதிரிப் பன்னிரண்டு புள்ளி முளைத்திருந்தது. “உக்காருங்க்கா, ரெண்டு நிமிசம்.” பழைய மங்கு இருந்த இடத்திலேயே தீட்டிவிட்டாள்.

மைதிலி விளக்கை மாற்றி மாற்றிப் பார்த்தாள். “செகப்படிக்குது. அழி.”

மறுபடி தீட்டினாள். “மஞ்சள் தூக்கலா இருக்குது. எம்பட மங்கு அப்புடி இருக்காது.”

மூணாவது, கடை வெளிச்சத்தில் சரி, வெயிலில் சரியில்லை. குகன் மணி பார்த்தார். வாசலில் சாயப்பட்டறை லாரி ஹாரன் அடித்தது. நாலாவதை மைதிலி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஒரு வெள்ளைத் துணித்துண்டில் அந்தப் பென்சிலை ஒரு கீறு கீறி, தேதி போட்டு, ஓகே என்று கையெழுத்திட்டு ஃபைலில் சொருகினாள். “தெனமும் இதே ஷேடு வரோணும் கண்ணு.”

அந்த பனியன்கள் கடைக்கு வந்துவிட்டன. உங்களிடம் இருக்கிறதில் கைக்கும் உடம்புக்கும் நிறம் ஒத்துவராவிட்டால் கடைக்காரனோடு சண்டைக்குப் போகாதீர்கள். விலைச் சீட்டைப் பாருங்கள். அதற்குத்தான் கூடக் கொடுத்திருக்கிறீர்கள்.

பென்சில் தீட்டின அன்று சாயங்காலம் மைதிலி வீட்டுக்குப் போனபோது வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த புருஷன் தங்கதுரை அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“ஏம்புள்ள, மங்கு திரும்பி வந்திருச்சாட்ட இருக்குது? அந்தக் களிம்பு வேல செய்யலியா?”

“நெம்ப நல்லா வேல செஞ்சுதுங்க” என்றாள் மைதிலி. “அதனாலதான் வந்துச்சு.”