சும்மா இருக்க வேண்டியவர்

"ஐயோ, என்னைத் தனியா விட்டுட்டுப் போகப் பாக்கறாரே!"

அலறலைக் கேட்ட சரண்யா ஸ்டாண்டு போடாமலே ஸ்கூட்டரை விட்டு இறங்கினாள். அது வேலியில் சாய்ந்தது.

ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய வீடு. உள்ளே சடையப்பன் கட்டிலில் கிடந்தார். வயது அறுபத்தாறு. நேற்றுவரை உப்பு வாரியவர்.

"என்னம்மா ஆச்சு?"

"நீயா கேக்கறே?" மனைவி அருக்காணி மூக்கைச் சிந்தினாள். "ஊர்ல பத்துப் பேரை நடங்க நடங்கன்னு சொன்னே. இவரை மட்டும் ஒண்ணும் செய்ய வேணாம்னே. எத்தினி நாளைக்குன்னு கேட்டா மூணு மாசம்ங்கிறே. எங்களுக்குப் புரியாதா?"

தினமும் நடந்தால் முதியவர்களின் உடம்பு எப்படி மாறுகிறது என்பது சரண்யாவின் ஆராய்ச்சி. சீட்டுக் குலுக்கியதில் அந்த ஊரில் பத்துப் பேர் நடக்கும் குழுவில் விழுந்தார்கள். சடையப்பன் ஒருவர்தான் எப்போதும் போல இருக்க வேண்டிய குழு. அந்தக் குழுவின் மற்றவர்கள் கிளியனூரில். எல்லோர் கையிலும் காலடி எண்ணும் பட்டை.

"ஐயா, உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. எப்பவும் போல இருங்க. பிடிச்சதைச் சாப்பிடுங்க."

"பிடிச்சதைச் சாப்பிடச் சொல்லிட்டாங்களா!" அருக்காணி மறுபடி ஆரம்பித்தாள்.

மறுநாள் இரும்பையிலிருந்து உறவுக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து இறங்கினார்கள். பதறிப்போன சரண்யா ஒரு டாக்டரையே கூட்டி வந்தாள். அவர் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கார்" என்றார். ஃபீஸ் வேண்டாம் என்று கிளம்பினார்.

"காசு கூட வாங்கல, பாத்தியா?" என்று சடையப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

சரண்யா உப்பள முதலாளி திருமுருகனிடம் ஓடினாள். "நீங்க வேலைக்குக் கூப்பிட்டா எழுந்துருவார் சார்."

வந்தவர் கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். சடையப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார். "சடையப்பா, உன் பாத்தியை நான் பாத்துக்கறேன். நீ நிம்மதியா இரு."

நாலாம் நாள் மாலை பேராசிரியர் போன் செய்தார். "நடக்கற குழு பிரமாதம் சரண்யா! போன வாரம் ஆயிரம் தாண்டல. இப்போ ஆளுக்கு தினம் ஒன்பதாயிரம் காலடி! ஆனா அந்த சடையப்பன் பூஜ்யம். இன்னும் ரெண்டு நாள் இப்படிப் போனா அந்த ஊரையே ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடணும். உன் பட்டமும் அதோட போச்சு."

மறுநாள் காலை. வெளியே கண் கூசும் வெயில். சரண்யா வாசலில் நின்று கத்தினாள்.

"ஐயா, மழை! உப்புக் குவியல் திறந்து கிடக்குது!"

கட்டில் காலியானது. சடையப்பன் தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் பறந்தார். பின்னாலேயே மொத்தக் கூட்டமும் ஓடியது. குவியலருகே போய் நின்று வானத்தைப் பார்த்தார். மேகமே இல்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார்.

"ஏய், மூச்சு கூட வாங்கல! எனக்கு ஒண்ணும் இல்ல போலிருக்கே!"

"அப்போ அந்த ஹார்லிக்ஸை யாரு குடிக்கறது?" என்றாள் அருக்காணி.

அவர் உப்பு வாரும் பலகையைக் கையில் எடுத்தார். சரண்யாவுக்கு அப்பாடா என்றிருந்தது.

நடக்கும் குழுவைச் சேர்ந்த அமராவதி, கடைசியாக மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். கைப்பட்டையைக் கழற்றி சரண்யாவிடம் நீட்டினாள்.

"காரியத்தைக் கெடுத்துட்டியே பாப்பா! இவரு போயிடுவாருன்னு காலையிலயும் சாயந்திரமும் பாக்க வந்துதானே நாங்க பத்துப் பேரும் நடந்தோம்? நாளையிலேர்ந்து நடக்கணும்னா, வேற யாரையாவது படுக்க வை!"