சோடிப் பேச்சுப் பரீட்சை

பேச்சு ஆங்கிலப் பரீட்சையில் நான் தோற்றுப்போன செய்தி என் மனைவி சத்தியபாமாவின் காதுக்குப் போகவே கூடாது. சிட்னி நகரத்தின் நடுவில், ஓர் உயரமான கட்டடத்தின் வாசலில் நின்றுகொண்டு இந்தத் தீர்மானத்தை எடுத்தேன். 1977ஆம் ஆண்டு. குளிர்காலம். நல்ல தீர்மானமாகத்தான் அப்போது தெரிந்தது.

நான் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவன். என்னிடம் இலக்கணம் படித்த ஒருவன் அங்கே நீதவானாக இருக்கிறான். அப்படிப்பட்ட கதிர்காமநாதனைப் பார்த்து, வழுக்கைத்தலைப் பரீட்சகர் ஒருவர், "உங்கள் ஆங்கிலம் மிக நன்று, ஆனால் பேச்சு போதாது" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். இந்த நாட்டில் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டுதான் செய்வார்கள். அதனாலேயே எனக்குச் சிரிப்பைக் கண்டால் சந்தேகம்.

பரீட்சை என்றால் எழுத்தில்லை, புத்தகமில்லை, வெறும் வாய்தான். வெளிநாட்டில் படித்த ஆசிரியர், தாதி எல்லாரும் இங்கே தங்கள் தொழிலைச் செய்ய வேண்டுமானால் அதில் தேற வேண்டும். சொல்வது விளங்குகிறதா, தடங்கல் இல்லாமல் வருகிறதா, மற்றவர் சொல்வதைக் காதில் வாங்கிப் பதில் சொல்கிறோமா என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். முடிவை அங்கேயே வாயால் சொல்லிவிடுவார்கள். கடிதம் பிறகு வரும்.

"உங்கள் வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு எப்படிப் போவீர்கள்?" என்று என்னைக் கேட்டார். இது என்ன கேள்வி? சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். இதற்குள் ஏதோ பொறி இருக்கிறது என்று சந்தேகப்பட்டேன். ஆகவே வீடு என்றால் என்ன, வாசஸ்தலம் என்றால் என்ன என்று தொடங்கி, புலம்பெயர்ந்தவனுக்கு இரண்டும் எப்படி வேறுபடும் என்று விளக்கினேன். அவர் இடையில் ஏதோ சொல்ல வந்தார். விடவில்லை. நேரம் முடிந்தபோது நான் இன்னும் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை.

சரி, தோற்றாயிற்று. வீட்டில் என்ன சொல்வது?

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சத்தியபாமா ஊரில் தாதி. இங்கே வந்த நாளிலிருந்து தானும் இந்தப் பரீட்சைக்குப் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "முதலில நான். பிறகு நீர். ஒரு வீட்டில ஒரே நேரத்தில இரண்டு பேர் பரீட்சைக்கு ஓடினால் அடுப்பு எரியாது" என்று நான்தான் சட்டம் போட்டிருந்தேன். உண்மையில் எனக்கு வேறொரு கவலை. ஆங்கில ஆசிரியர் தேறுவதற்கு முன்னால் அவருடைய மனைவி தேறிவிட்டால், அந்த ஆசிரியர் நாங்கள் குடியிருந்த ஹோம்புஷில் எந்த முகத்தோடு நடமாடுவது?

ஆகவே வீட்டுக்குப் போய், முடிவு கடிதத்தில் வருமாம், ஆனால் தபால்காரர்கள் வேலைநிறுத்தமாம் என்று சொன்னேன். அந்த நாட்களில் சிட்னியில் ஏதாவது ஒரு வேலைநிறுத்தம் எப்போதும் நடக்கும். நம்பக்கூடிய பொய். அவளும் நம்பினாள். "அப்படியே?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் பிறந்தது. சத்தியபாமா ஒரு கேள்வியோடு நிற்பவளல்ல. மீன் வாங்கி வந்தால் மீனுடைய வயதைக்கூடக் கேட்பாள். அப்படிப்பட்டவள் என் எதிர்காலத்தைப் பற்றி ஒற்றைச் சொல்லோடு விட்டுவிட்டாள் என்றால் அவள் மனதில் வேறு ஏதோ ஓடுகிறது.

கவனிக்கத் தொடங்கினேன். கவனிக்கத் தொடங்கினால் எல்லாமே தட்டுப்படும். நான் பிஸ்கட் தொழிற்சாலை வேலை முடிந்து வரும்போது குசினிக்குள் ஆங்கிலம் கேட்கும். நான் கதவைத் திறந்ததும் நின்றுவிடும். உள்ளே பார்த்தால் அவளும் ஒரு சட்டி பருப்பும்தான். யாரோடு கதைத்தனீர் என்றால், ரேடியோ என்பாள். ரேடியோ என் தலைமாட்டில் பழுதாகிக் கிடந்தது.

அடுத்தது தக்காளி. கீழ்வீட்டில் கெவின் என்றொருவர் இருந்தார். மனைவியை இழந்தவர். ஏதோ அரசாங்க வேலை. விடியமுன் போய்ப் பின்னேரத்துக்கு முன்னமே வந்துவிடுவார். பின்புறத்தில் கண்ணாடிக் கூடு கட்டித் தக்காளி வளர்ப்பார். அந்தத் தக்காளி எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கியது. தக்காளிச் சொதி. தக்காளிக் குழம்பு. தக்காளிச் சம்பல். ஒரு மனிதன் காரணமில்லாமல் இவ்வளவு தக்காளி கொடுப்பானா? ஒருநாள் படிக்கட்டில் இருவரும் நின்று கதைத்துச் சிரிப்பதைக் கண்டேன். சிரிப்பைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

"அவரோட என்ன கதை?" என்று கேட்டேன்.

"குளிரைப் பற்றி."

"குளிரில என்ன சிரிப்பு?"

"அவர் சொன்னது உங்களுக்கு விளங்காதப்பா. அது பேச்சு ஆங்கிலம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. தெரிந்து குத்துகிறாளா, தெரியாமல் குத்துகிறாளா? முகத்தைப் பார்த்தேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அழுகையும் வெங்காயத்தால், சிரிப்பும் வெங்காயத்தால் என்று சொல்லக்கூடிய முகம்.

இதற்கிடையில் நான் சத்தமில்லாமல் இரண்டாம் முறைக்கு விண்ணப்பித்திருந்தேன். சனிக்கிழமை பரீட்சை. அதற்கு முதல்நாள் சத்தியபாமா தானாகவே வந்து, வென்ட்வேர்த்வில்லில் இருக்கும் தன் சிநேகிதி ரஞ்சினியின் மகளுக்குப் பிறந்தநாள், நாளைக்குப் போகிறேன் என்றாள். எனக்கு உள்ளுக்குள் பால் வார்த்தது போலிருந்தது. எனக்கும் ஓவர்டைம் என்றேன்.

சனிக்கிழமை காலை நான் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வந்தேன். பிஸ்கட் தொழிற்சாலைக்கு. அவள் ஏனென்று கேட்கவில்லை. அவள் காஞ்சிபுரம் கட்டி, மேலே ஒரு கம்பளிக் கோட்டும் போட்டுக்கொண்டு நின்றாள். கையில் பரிசுப் பொட்டலம் இல்லை. நானும் ஏனென்று கேட்கவில்லை. நான் கேட்டால் அவளும் கேட்பாள். பிள்ளைக்குப் பரிசில்லாமல் பிறந்தநாளுக்குப் போகிற பெண் எங்கே போகிறாள்? பின்தொடர்ந்து போகலாம் என்று கால் துடித்தது. ஆனால் பரீட்சை இருக்கிறதே. ஒரு மனிதனுக்கு ஒரே நாளில் உத்தியோகமும் மானமும் இரண்டு திசையில் ஓடினால் அவன் எதைப் பிடிப்பான்? நான் உத்தியோகத்தைப் பிடித்தேன். "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு முதல் ரயிலில் ஏறினேன். சிவப்பு ரயில். கதவு மூடாது. வழியெல்லாம் குளிர்காற்று. வழியெல்லாம் கெவின்.

அதே கட்டடம், அதே வழுக்கை, அதே சிரிப்பு. இம்முறை முறையை மாற்றியிருந்தார்கள். முதலில் தனியாகச் சில கேள்விகள். பிறகு இரண்டு பேரைச் சோடியாக இருத்தி ஒருவரோடொருவர் பேசவிட்டுப் பார்ப்பார்களாம். தனிக் கேள்விகளை நான் நன்றாகவே செய்தேன். ரயில் நிலையத்துக்குப் போயும் சேர்ந்தேன்.

"இப்போது உங்கள் சோடியைக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லிக் கதவைத் திறந்து, "ஈஸ்வரமூர்த்தி" என்றார்.

ஈஸ்வரமூர்த்தி என்பது என் மாமனாரின் பெயர். ஒரு கணம் மாமனாரே கப்பலேறி வந்துவிட்டாரோ என்று எழுந்து நின்றுவிட்டேன். உள்ளே வந்தது மாமனாரல்ல, அவருடைய மகள். கலியாணத்துக்கு முன் எடுத்த தாதிச் சான்றிதழில் தகப்பன் பெயர்தானே இருக்கும். அந்தப் பெயரில் விண்ணப்பித்திருக்கிறாள்.

அவளும் என்னைக் கண்டாள். கண் ஒருமுறை விரிந்தது. உடனே சுருங்கிவிட்டது. கதிரையை இழுத்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

பரீட்சகர் விதியை வாசித்தார். சோடியில் இருப்பவர்கள் ஏற்கெனவே அறிமுகமானவர்களாக இருக்கக்கூடாது. இருந்தால் இருவருடைய பரீட்சையும் அடுத்த தவணைக்குப் போய்விடும். "நீங்கள் ஒரே நாட்டவர்கள்போல இருக்கிறதே. முன்பே தெரியுமா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன்.

"இந்தக் கனவானை நான் இதற்கு முன் கண்டதே இல்லை" என்றாள் சத்தியபாமா. பிசகில்லாத ஆங்கிலம்.

நான் வாயை மூடினேன்.

அவர் ஒரு அட்டையைத் தந்தார். ஒரே வீட்டில் குடியிருக்கும் இருவர். ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்துவிட்டார். அதைப் பேசித் தீர்க்கவேண்டும். விரும்பினால் கணவன் மனைவியாகவே வைத்துக்கொள்ளலாம் என்றார். தனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், இருந்தாலும் முயற்சி செய்வதாக அவள் சொன்னாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். தமிழில் எங்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. நான் அவளை நீர் என்பேன், அவள் என்னை நீங்கள் என்பாள். ஆங்கிலத்தில் நீ, நீர், நீங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அந்த வசதியை அவள் முழுதாகப் பயன்படுத்திக்கொண்டாள்.

நான்தான் தொடங்கினேன். பிறந்தநாள் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நீ வேறெங்கோ போயிருக்கிறாய், பரிசு எங்கே என்று கேட்டேன். அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஓவர்டைமுக்குப் போகிறவன் எதற்கு டை கட்டினாய், பிஸ்கட்டுக்கு மரியாதை செய்யவா என்று கேட்டாள். பரீட்சகர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

நான் தக்காளிக்குப் போனேன். கீழ்வீட்டுக்காரன் எதற்காக இவ்வளவு தக்காளி தருகிறான்? அதற்கும் பதில் வைத்திருந்தாள். மனைவி போன பிறகு அந்த மனிதரோடு கதைக்க ஆளில்லை, தனக்கும் ஆங்கிலத்தில் கதைக்க ஆளில்லை, வீட்டில் இருக்கும் ஆங்கில ஆசிரியர் கதைப்பார், ஆனால் கேட்கமாட்டார் என்றாள். அந்த ஆங்கில வாக்கியத்தில் ஒரு 'the' விட்டுப்போயிற்று. சண்டைக்கு நடுவிலும் அதைத் திருத்தினேன். பழக்கதோஷம்.

நான் திருத்தியதை அவள் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். "நீ பரீட்சையில் தோற்றுவிட்டாய். முடிவு வரவில்லை என்று என்னிடம் பொய் சொன்னாய்."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். ஆங்கிலத்தில் கேட்டேனா, தமிழில் கேட்டேனா என்று இன்றைக்கும் சந்தேகம்.

"தேறியிருந்தால் காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றமுன் ஹோம்புஷ் முழுக்கச் சொல்லியிருப்பாய். தபால் வேலைநிறுத்தம் என்றாய். கெவின் தபால்காரர். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகிறார்."

ஏதோ அரசாங்க வேலை என்று நினைத்த என்னைத்தான் நொந்துகொள்ளவேண்டும். பதில் தேடினேன். ஆங்கிலத்தில் கிடைக்கவில்லை. தமிழிலும் கிடைக்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் குரலைத் தணித்தாள். "தோற்றதற்கு நான் கோபிக்கவில்லை. நீ தேறும்வரை நான் காத்திருக்கவேண்டும் என்று சொன்னாயே, அதற்குத்தான் கோபம். நான் பிரசவ அறையில் இரவிரவாக நின்றவள். இங்கே பருப்போடு கதைத்துக்கொண்டிருக்கிறேன்."

இது பரீட்சைக்காகச் சொன்னதல்ல. கண் அவளுக்குக் கொஞ்சம் கலங்கியிருந்தது. இம்முறை பக்கத்தில் வெங்காயமும் இல்லை. நான் முதன்முறையாக அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டிருந்தேன். என் பிழைதான், இனி உன் பாட்டுக்கு நீ போ, நான் மறிக்கமாட்டேன் என்றேன். சின்னச் சின்ன வாக்கியங்கள். வாசஸ்தலம் எதுவும் அதில் இல்லை.

பரீட்சகர் பேனாவை மூடினார். எங்களை வெளியே இருத்திவிட்டுக் கொஞ்ச நேரத்தில் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அவளுடைய கையைத்தான் முதலில் குலுக்கினார். இயல்பான பேச்சு, அபாரமான கற்பனை, முன்பின் தெரியாத ஒருவரோடு இப்படிப் பேச எல்லாராலும் முடியாது, முதல்தரச் சித்தி, தேறிவிட்டீர்கள் என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். தனிக் கேள்விகளில் நான் தேறிவிட்டேனாம். சோடிப் பேச்சில்தான் குறை. சோடிக்காரியின் இலக்கணத்தைத் திருத்தியிருக்கிறேன், நடுவில் நெடுநேரம் பேச்சற்றுப் போயிருக்கிறேன். ஆனால் கடைசியில் நன்றாகக் கேட்டுப் பதில் சொன்னேனாம். ஆகவே அந்தப் பகுதியை மட்டும் அடுத்த மாதம் மறுபடி செய்யலாம்.

அத்தோடு விட்டிருக்கலாம். அவர் சத்தியபாமாவைப் பார்த்து, இவர் உங்களோடு பேசும்போதுதான் கொஞ்சம் திருந்துகிறார், பரீட்சையில் சந்தித்தது அறிமுகக் கணக்கில் வராது, உங்களுக்குத் தொந்தரவில்லை என்றால் அன்றைக்கும் வந்து இவருக்குச் சோடியாக இருக்க முடியுமா என்று மிகப் பணிவாகக் கேட்டார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கம்பளிக் கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டே யோசித்தாள்.

"வரலாம்தான். ஆனால் என் கணவரைக் கேட்கவேண்டும், அவர் சரியான சந்தேகக்காரர்" என்றாள்.