மெர்வின் ஒலிபெருக்கி பழசான கதை

"ரெண்டு மாசமா மடியில தட்டை வெச்சுக்கிட்டு சாப்பிடறேன், மெர்வ். சாப்பாட்டு மேசை பூரா உன் கம்பியும் பலகையும். புதுசா வாங்கு, இல்ல பழசா வாங்கு. செஞ்சே தீரணும்னு உன்னை யாரு கேட்டா?"

க்ளெனிஸ் இதைச் சொல்வது பதினோராவது தடவை. கணவர் மெர்வ் திருகாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"புதுசெல்லாம் தகர டப்பா, க்ளென். பழசு, அடுத்தவன் கழிச்சுக் கட்டின தலைவலி. சனிக்கிழமை நம்ம பொண்ணு ப்ரான்வின் கல்யாணத்துல நான் பேசறது மண்டபத்துல கடைசி ஆள் வரைக்கும் கேக்கணும்."

மண்டபக் குழுத் தலைவர் டெஸ்மண்ட் ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை, அதை மண்டபத்தில் வைக்க அனுமதி கேட்டு மெர்வ் கொடுத்த படிவத்தைப் பரிசீலித்தருளினார்.

"புதுசா, பழசா?"

"நானே செஞ்சது, டெஸ்."

"அப்படி ஒரு கட்டம் இதுல இல்லையே. ஷாக் அடிக்காதுன்னு சோதிச்சு ஒட்டற மின்சோதனைச் சீட்டு?"

"ஒட்டியிருக்கேனே."

"உங்க வேலைக்கு நீங்களே ஒட்டினா எப்படி?"

ஊரில் சீட்டு ஒட்ட உரிமம் பெற்றவர் மெர்வ் ஒருவரே என்பதைக் குழு ஆழ்ந்த வருத்தத்துடன் குறித்துக்கொண்டு, அனுமதியை மறுத்தது.

க்ளெனிஸ் விடுவாளா? "இதைப் பழசாக்கிடுவோம். கடைக்குக் கொடுத்துட்டு நாமளே திரும்ப வாங்கிக்கலாம்," என்றாள். தேவாலயத்துப் பழைய சாமான் கடைக்குத் தானமாகக் கொடுத்தார்கள். கடைக்காரர்கள், வழக்கம்போல, சீட்டு ஒட்ட மெர்வைக் கூப்பிட்டார்கள். இப்போது அது கடையின் பொருள், ஆட்சேபணை இல்லை. மெர்வ் அதை முதன்முறையாகப் பார்ப்பவர்போல் சுற்றிவந்து, "யாரோ நல்லாத்தான் செஞ்சிருக்காங்க," என்று சொல்லிச் சீட்டை ஒட்டினார்.

கடைக்கு வேலை செய்தவரோ அவர் வீட்டாரோ அன்றைக்கே அங்கே எதுவும் வாங்கக் கூடாது என்பது கடையின் விதி. மறுநாள் போனால் அலமாரி காலி. டெஸ்மண்ட் தன் வீட்டுக்கு வாங்கிப் போயிருந்தார்.

"என்ன வேலைப்பாடு!" என்று மெர்விடமே பூரித்தார். "இந்தக் காலத்துல எவன் இப்படிச் செய்யறான்? பழசுன்னா பழசுதான்!"

சனிக்கிழமை மெர்வ் மேடையேறி, வெறுந்தொண்டையில் மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். முன்வரிசையிலிருந்த டெஸ்மண்டின் காதில் க்ளெனிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "மண்டபத்துக்குப் பக்கத்துலதானே உங்க வீடு, டெஸ். அதை ஒரு அரை மணி நேரம் கொண்டாங்களேன்."

"கொண்டாந்திருப்பேன்மா. சீட்டு அதோட அழகையே கெடுத்துது, கிழிச்சுட்டேன். சீட்டு இல்லாத சாமான் இங்க வரக் கூடாதே."

சீட்டு ஒட்ட வேண்டியவர் மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏதோ உருக்கமாகச் சொல்கிறார் என்று முதல் மூன்று வரிசைக்குப் புரிந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல்: "பொண்ணைப் பத்தி என்ன சொன்னாரு? யாராவது சொல்லுங்களேன்!"